மேலிருந்து பார்த்த தூரம்

என் அண்ணி ஓர் அளவைச் சொல்லிவிட்டால் எங்கள் தொழிற்சாலையில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. எந்நேரமும் குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் எழுதிய புரோகிராம்படி, அளக்கும் மெஷினின் முனை உலோகத் துண்டைத் தொட்டுத் தொட்டு அளவு சொல்லும். வீட்டிலும் அதே புத்திதான். சுவரில் காலண்டர் கொஞ்சம் சாய்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் பட்டப்பெயரே, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான 'மைக்ரான்' என்றாகிவிட்டது.

அன்று காலை மைக்ரான் என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். நான் துளையிட்ட உலோகத் தட்டுகள் அத்தனையும் ரிஜெக்ட். சாய்வான முகத்தில் மேலும் கீழுமாக இரண்டு துளைகள். அவற்றுக்கு இடையே தூரம் குறைகிறதாம். ஏற்கெனவே ஒருமுறை எச்சரிக்கை வாங்கியவன் நான். இன்னொரு தடவை ரிஜெக்ட் ஆனால் வேலை போய்விடும் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். "சாயங்காலம் ரூமுக்கு வா," என்றார் மேனேஜர். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எனக்கு எரிச்சல் வேறொன்றில். போன வாரம் அதே மாதிரித் தட்டுகளைப் பக்கத்துத் துளையிடும் மெஷினில் ஓட்டியவன் என் அண்ணன். அவனுடையதெல்லாம் பாஸ்.

"முதல் பீஸ் எனக்கும் குறைச்சலாத்தான் வந்துச்சு," என்றான் டீ குடித்தபடி. "அவ சொன்ன அளவுக்குத் தூரத்தைக் கூட்டி வச்சேன், சரியாப் போச்சு. நீ ஏன்டா வீம்பு பிடிக்கிற?"

"டிராயிங்ல இருக்கறபடிதான் போட்டிருக்கேன். எதுக்குக் கூட்டணும்?"

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பெண்டாட்டிதாசன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, ஒரு தட்டோடு கண்ணாடி அறைக்குப் போனேன்.

"சலுகை எதுவும் வேண்டாம் அண்ணி. இன்னொரு தடவை பாருங்க."

"மெஷினுக்கு நீயும் ஒண்ணுதான், உங்க அண்ணனும் ஒண்ணுதான் தம்பி," என்றார். ஆனாலும் தட்டை வாங்கி அளக்கும் மெஷினில் இறுக்கினார். முனை இறங்கியது, தொட்டது, ஏறியது. அதே அளவு. நாளை முதல் வேலைவெட்டி இல்லாமல் இதே அண்ணி போடும் சோற்றைத் தின்ன வேண்டும்.

அண்ணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூலையில் இருந்த ஒரு சின்ன எழுத்தின்மேல் அவர் விரல் நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

"ஒர்க் பிளேன் மேல்முகத்துலயே நிக்குது."

எந்த முகத்துக்கு நேராக நின்று கணக்குப் போட வேண்டும் என்பதை மெஷினுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். அதுதான் ஒர்க் பிளேன். தட்டின் மேல்முகத்தை அளந்துவிட்டுச் சாய்வுக்கு வந்தபோது அதை மாற்ற மறந்திருக்கிறார். மெஷின் பாட்டுக்கு உச்சியிலிருந்தே பார்த்திருக்கிறது. சுவரில் சாய்த்த ஏணியை மாடியிலிருந்து குனிந்து பார்த்தால் குட்டையாகத்தானே தெரியும்.

மாற்றிவிட்டு ஓட்டினார். என் தட்டு கச்சிதம். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"இரு," என்று அலமாரியிலிருந்து அண்ணனுடைய தட்டு ஒன்றை எடுத்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அந்தத் தப்பான அளவை நம்பித்தான் அவன் கூட்டி வைத்தான்.

அளந்தால் தூரம் அதிகம். அவன் ஓட்டியது மொத்தமும் வீண். வெளியே அவன் தட்டுகளை அடைத்த பெட்டிகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், அண்ணி பேசாமல் இருந்திருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அவர் போனை எடுத்தார். "சார், லாரிய நிறுத்துங்க. தம்பியோட பீஸ் எல்லாம் சரி. போன வாரத்துதான் ரிஜெக்ட். தப்பு என் புரோகிராம்ல. சாயங்காலம் அவன் வர வேண்டாம், நான் வரேன்."

ரிஜெக்ட் ஆன தட்டில் சிவப்புப் பெயிண்ட் பூச வேண்டும். அண்ணன் வந்தபோது அண்ணி பிரஷைப் பெயிண்டில் தோய்த்துக்கொண்டிருந்தார். அவன் திரையைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க எதுவும் இல்லை.

"நான் கூட்டச் சொன்னப்ப, ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார் அண்ணி. கண் நிறைந்துவிட்டது.

அண்ணன் தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டான்.

"உன்கிட்ட யாரு இதுவரைக்கும் ஏன்னு கேட்டிருக்காங்க?" என்றான். "பூசு."