எழுத்து கொட்டிய டிஸ்க்

ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் வேலை முடித்து 1991இல் ஊர் திரும்பிய கொழுந்தனார், அங்கே ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி எடுத்து வந்தார். கூடவே ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் காகித உறை போட்ட, சதுரமான, பிடித்தால் வளைகிற கறுப்பு டிஸ்க்குகள்.

"எல்லாமே ஃப்ரீ, அண்ணி. லெட்டர் அடிக்கிறது, கணக்குப் போடறது, படம் வரையறது, கேம்ஸு, எல்லாம் இதுலயே கீது. காப்பி எடுத்து யாருக்கு வேணா குடுக்கலாம்."

"யாரு குடுத்தது?"

"யார் யாரோ எழுதி கீறாங்க. அமெரிக்காவுல ஒருத்தன், ஜெர்மனியில ஒருத்தன். எல்லாத்தையும் சேத்து ஒரு கலெக்‌ஷனா போட்டு வுட்டுட்டாங்க."

சோப்பு வாங்கினால் சீப்பு இலவசம் என்றாலே சோப்பைக் கையில் தூக்கி எடை பார்ப்பவள் நான். முகம் தெரியாத ஒருவன் ராப்பகலாக உழைத்து எழுதியதை எனக்கு ஏன் சும்மா தர வேண்டும்? ஒவ்வொரு டிஸ்க்கிலும் முதலில் ஒரு குறிப்பு வரும். நான் அதைப் பத்திரம் படிப்பதுபோல் வரிவரியாகப் படித்தேன். ஒருவர் எழுதியிருந்தார்: பிடித்திருந்தால் பணம் வேண்டாம், உங்கள் ஊர்ப் படம் போட்ட தபால் அட்டை ஒன்று அனுப்புங்கள். எங்கள் ஊர்ப் படம் அவருக்கு எதற்கு?

அந்த வருஷம் மே மாதம் எங்கள் ஊர்த் தேர்தல் கூட்டத்தில் முன்னாள் பிரதமரைக் குண்டு வைத்துக் கொன்ற பிறகு, ஊர்ப் பெயரைச் சொன்னாலே பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார். லாட்ஜுகளில் சோதனை, வாடகை வீடுகளில் விசாரணை. புது முகம் ஒன்று கடைக்கு வந்து தீப்பெட்டி கேட்டால்கூட, அவர் போன பிறகு நாலு பேர் அவரைப் பற்றிப் பேசினார்கள்.

எங்கள் பின்கட்டில் ஒரு புது முகம் குடியிருந்தது. மார்த்தாண்டம் பக்கத்துக் கிறிஸ்துவப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். நெடுஞ்சாலையில் இருந்த ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். நல்ல பெண்தான். ஆனால் அவள் பேச்சு எங்கள் தெருவுக்கு விளங்கவில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை என்பதை "என்ன பறையியதுன்னு தெரியல்ல அக்கா" என்று அவள் சொன்னால், மளிகைக்கடைக்காரர் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில், வருகைப் பதிவு பார்க்கிற வேலையில் இருந்த என் கணவர் முதல் வாரமே சொல்லிவிட்டார்: "சிலோன் பேச்சு மாதிரியே கீது. நீ கொஞ்சம் ஜாக்கிரதையா இரு."

அவள்தான் அந்த டிஸ்க்குகளை எனக்குப் பழக்கினாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வந்ததும் முன்னறையில் உட்காருவாள். ஒவ்வொரு டிஸ்க்காகப் போட்டுப் பார்ப்போம். பாதிக்கு மேல் எங்களுக்குப் பயன்படாதவை. நட்சத்திரங்களின் இடம் காட்டுகிற ஒன்று, ஏதோ நாட்டு வருமான வரி போடுகிற ஒன்று. நடுவில் ஒரு விளையாட்டு கிடைத்தது. திரையின் மேலிருந்து எழுத்துகள் விழும். தரையைத் தொடுவதற்குள் அந்த எழுத்தை அடித்துவிட்டால் அது காணாமல் போகும். டைப்ரைட்டிங் கற்க வரும் பெண்களுக்கு நான் அதைக் காட்டினேன். மூன்று மாதமாக ஏ-எஸ்-டி-எஃப் என்ற முதல் பாடத்திலேயே தூங்கி வழிந்தவர்கள், வரிசை கட்டி நின்று ஆடினார்கள். இன்ஸ்டிட்யூட்டில் சேர வருபவர்கள் கூடினார்கள். அப்போதும் என் மனம் சமாதானமாகவில்லை. இவ்வளவு நல்ல பொருள் சும்மா வராது என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் அவள் கேட்டாள்: "அக்கா, அந்த லெட்டர் அடிக்கிய டிஸ்க்க ஒரு நாள் தருவியளா? ஆபீஸுல போட்டுப் பாத்துட்டுக் கொண்டாரேன்." கொடுத்தேன். சொன்னபடி மறுநாளே கொண்டுவந்தாள்.

அடுத்த வாரம், இன்ஸ்டிட்யூட்டுக்கான விளம்பர நோட்டீஸை அந்த டிஸ்க்கில் அடித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பக்கம் வந்திருக்கும். மேல் வரியிலிருந்து ஒரு எழுத்து கழன்று நேரே கீழே விழுந்தது. நான் விளையாட்டு டிஸ்க்கைப் போட்டுவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை. இன்னொன்று விழுந்தது. பிறகு மழைபோல் கொட்டி, நான் அடித்தது முழுக்கத் திரையின் அடியில் குப்பையாகக் குவிந்தது. விளையாட்டில்போல் அந்த எழுத்துகளை அடித்துப் பார்த்தேன். ஒன்றும் மறையவில்லை.

"அவ எடுத்துக்கினு போனா இல்ல? அதுக்கப்புறம்தானே?" என்றார் கணவர். "இன்னாத்தையோ ஏத்திக்கினு வந்துட்டா."

அவர் சொல்வதற்கு முன்பே எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. பேப்பரில் வைரஸ் என்று ஒரு சொல் அடிபட ஆரம்பித்திருந்தது. அன்று மாலை அவளிடம் சொன்னேன். அவள் என் கையிலிருந்த டிஸ்க்கின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"நான் கொண்டு போகும்போ அதுக்க ஓரத்துல ஸ்டிக்கர் ஒட்டியாக்கும் கொண்டு போனேன் அக்கா. இந்த வெட்டு இருக்குல்லா, இத மூடிட்டா ஒரு மெஷினும் அதுல எழுத முடியாது. படிக்கத்தான் முடியும். எங்க ஆபீஸுல அப்பிடித்தான் சட்டம்."

டிஸ்க்கின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருப்பதை அன்றுதான் கவனித்தேன். ஸ்டிக்கர் இல்லை. திருப்பித் தரும்போது உரித்துவிட்டதாகச் சொன்னாள். பசை ஒட்டியிருந்த தடம்போல ஏதோ இருந்தது. வெறும் அழுக்காகவும் இருக்கலாம். நம்புவதா வேண்டாமா என்று புரியாமல் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து, நடுப்பகலில் ஒரு போலீஸ்காரர் வந்தார். வாடகைக்கு இருப்பவர்களை விசாரிக்கிறார்களாம்.

"பின்னாடி ஒரு பொண்ணு கீதாமே. எந்த ஊரு?"

"மார்த்தாண்டம் பக்கம். கம்பெனியில வேலை."

"நீங்க போய்ப் பாத்தீங்களா அந்த ஊரை?"

"இல்ல. அவங்க அப்பா வந்து விட்டுட்டுப் போனாரு. பேசினோம்."

"யாராச்சும் வந்து போறாங்களா?"

"யாரும் வரல."

டிஸ்க் விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. அதை அவரிடம் சொன்னால் அது எங்கே போய் நிற்கும் என்று நினைத்து விழுங்கிக்கொண்டேன். ஆனால் அவர் கண் கம்ப்யூட்டரின் மேல் போய்விட்டது. "இது இன்னா? வயர்லெஸ்ஸா?" என்றார். டைப் அடிக்கிற கம்ப்யூட்டர் என்றேன். அடித்துக் காட்டச் சொன்னார். பதற்றத்தில் கைக்குக் கிடைத்த டிஸ்க்கைப் போட்டேன். அவர் பெயரையே அடித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். இன்னும் நாலு வரி அடித்திருப்பேன், எழுத்துகள் கொட்ட ஆரம்பித்தன.

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார். "இன்னாம்மா இது, என் பேரு கீழ வுழுது?"

"ரிப்பேருங்க. இலவசமா வந்தது, அதான்" என்றேன்.

அவர் பெட்டியைத் திறந்து டிஸ்க்குகளைப் புரட்டினார். எல்லாவற்றிலும் வெளிநாட்டுப் பெயர்கள். எடுத்துப் போவாரோ என்று நின்றேன். பிறகு அவருக்கே அது என்னவென்று எழுதுவது, எப்படி விளக்குவது என்று சலிப்புத் தட்டியிருக்க வேண்டும். பெட்டியை மூடிவிட்டு, பின்கட்டுப் பெண்ணின் சொந்த ஊர் விலாசத்தை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

அந்த ஞாயிறு மதியம் சாப்பாட்டின்போது கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். போலீஸ்காரர் எழுந்து நின்றதைச் சொன்னதும் அவர் சோற்றைப் பிசைந்தபடியே சிரித்தார். "எங்க டைம் ஆபீஸ்லயும் அப்படித்தான். சூப்பர்வைசர் ஷிப்ட் லிஸ்ட் அடிச்சுக்கினு இருந்தாரு, மொத்தமா கொட்டிச்சு. பேயறஞ்ச மாதிரி ஆயிட்டாரு."

"எப்போ?"

"போன மாசம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது. பிசைந்த கை நின்றது. போன மாதம் அந்தப் பெண் எந்த டிஸ்க்கையும் வெளியே எடுத்துப் போயிருக்கவே இல்லை.

"நம்ம டிஸ்க்க அங்க எடுத்துக்கினு போனீங்களா?"

"கேம் டிஸ்க்குதான். லஞ்ச் டைம்ல பசங்க ஆடுவாங்க. அதுக்கு இன்னா இப்போ?" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

விளையாட்டு டிஸ்க் அவர் கம்பெனியிலிருந்து நோயோடு திரும்பி, எங்கள் மெஷினில் மற்ற டிஸ்க்குகளுக்கும் ஒட்டிவிட்டிருந்தது. கொழுந்தனார் தனக்கென்று எடுத்து வைத்திருந்த பிரதிகளைப் போட்டுப் பார்த்தேன்; எழுத்து கொட்டவில்லை. அமெரிக்காக்காரனும் ஜெர்மனிக்காரனும் அனுப்பியதில் ஒரு குறையும் இல்லை. நான் வாசல் பக்கம் பார்த்துக் காவல் இருந்தபோது, அது சாப்பாட்டுக் கேரியரோடு வீட்டுக்குள் வந்திருக்கிறது.

பின்கட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சரி அக்கா" என்றாள். அடுத்த ஞாயிறு வந்து, கெட்டுப்போன டிஸ்க்குகளை அழித்து, கொழுந்தனாரின் அந்த நல்ல பிரதிகளிலிருந்து மறுபடி எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் அவளே ஸ்டிக்கர் ஒட்டினாள். முன்பெல்லாம் கொல்லைப்புறம் போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போவாள். இப்போது பூட்டிக்கொண்டு போனாள்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வந்து, படப்பையில் உடன் வேலை செய்யும் பெண்ணோடு தங்கப்போவதாகச் சொன்னாள். பெட்டி கட்டும்போதுதான் அது வெளியே வந்தது. எங்கள் ஊரிலிருந்து விவரம் போய், அங்கே போலீஸ் அவள் அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறது. காலையில் போனவரைப் பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

"எனக்க அப்பா சர்ச்சுல கணக்குப் பாக்கிய மனுஷன், அக்கா. ஊரே பாத்துட்டு நின்னுது." பிறகு நேராகக் கேட்டாள்: "இங்க யாரோ காட்டிக் குடுத்துதான் முதல்ல என்னைத் தேடி வந்தாங்கன்னு ஸ்டேஷன்ல சொன்னாங்களாம். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அது உண்மை. அவள் பெட்டியின் பூட்டை அழுத்தினாள். ஆட்டோவரை நானும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அன்று கணவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் கேட்டேன், போலீஸில் சொன்னது நீங்களா என்று.

"நான் எதுக்குச் சொல்றேன்? மளிகைக்கடைக்காரன் சொல்லியிருப்பான்" என்றார், சட்டையைக் கழற்றி மாட்டியபடி. முகத்தைப் பார்க்கலாமென்று காத்திருந்தேன். அவர் ஆணியில் சட்டையைச் சரிசெய்துகொண்டே வெகு நேரம் நின்றார்.