வரப்போகும் வீடுகளுக்கு ஒரு புள்ளி

கல்முனைக்குக் கழிவுநீர்க் குழாய் வரப்போகிறது என்ற பேச்சை நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே கேட்டு வருகிறேன். திட்டத்தின் பெயர் மாறும், வந்து போகும் ஐயாமார் மாறுவார்கள். மாறாமல் இருப்பது கிணறும் மலசலகூடக் குழியும்தான். கடற்கரை மணலில், பத்துப் பேர்ச் அளவுள்ள சின்னக் காணிக்குள், இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. மாரியில் குழி நிரம்பினால் உறிஞ்சும் பவுசர் வண்டிக்கு எங்கள் மாநகர சபை அலுவலகத்தில்தான் பெயர் பதிய வேண்டும். அந்த வரிசையைப் பார்த்துப் பார்த்தே எனக்குச் சலித்துவிட்டது.

கடைசியாக வந்த திட்டத்தில், இன்னுமொரு தலைமுறைக்குப் போதுமான குழாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து கேட்டார்கள். சனத்தொகை வளர்ச்சியை வைத்து அவர்களே ஒரு கணக்கும் போட்டிருந்தார்கள். அது இங்கே சரிவராது என்று எழுதினேன். எங்கள் ஊரில் மகனுக்கு யாரும் வீடு கட்டுவதில்லை, மகளுக்குத்தான் கட்டுவார்கள். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். மூன்று பெண்பிள்ளைகள் இருக்கும் வளவில் நாளைக்கு மூன்று வீடு, மூன்று குழி. ஆகவே குமர்ப்பிள்ளைகளை எண்ணினால்தான் வரப்போகும் வீடுகளை எண்ணலாம். எழுதியவன் நான் என்பதால் எண்ணும் வேலையும் என் தலையில் விழுந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

வெயிலில் வீடு வீடாகப் போனேன். கல்யாணமாகாத ஒவ்வொரு பெண்ணுக்கும் ஊர் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. தொட்டிலில் கிடந்த என் பேத்திக்கும் ஒன்று வைத்தேன்.

எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வளவு, நெல் வியாபாரத்தை விட்டு ஓய்ந்திருந்த ஒரு பெரியவருடையது. அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். மூத்த மகள்மார் இருவருக்கும் அதிலேயே வீடு கட்டிக் கொடுத்துவிட்டார். இளையவள் ஆசிரியை, நாற்பதைத் தாண்டியவள். பேசிவந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், பிறகு வருவதே நின்றுவிட்டது. அவளுக்கென்று பின்பக்கம் ஒரு துண்டுக் காணி வெறுமனே கிடந்தது. எத்தனையோ பேர் விலைக்குக் கேட்டும் காக்கா கொடுக்கவில்லை. நான் போன அன்று படிவத்தை அவளே நிரப்பித் தந்தாள். இனிக் கட்டவுள்ள வீடுகள் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதியிருந்தாள். இஞ்சித் தேநீரும் தந்தாள்.

அந்த ஒன்றை நான் வரைபடத்தில் ஏற்றவில்லை. மேசைக்கு வந்து படிவத்தைப் பார்த்தபோது, இவளுக்கு இனி எங்கே கல்யாணம் என்று தோன்றியது. அவ்வளவுதான், அடுத்த படிவத்தை எடுத்துவிட்டேன்.

சனங்கள் பார்த்துக் கருத்துச் சொல்வதற்காக, அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் வரைபடத்தைத் தொங்கவிட்டோம். பின்னேரம் அசர் தொழுகையை முடித்துவிட்டு வந்தவர்கள் தங்கள் மகள்மாரின் புள்ளியைத் தேடிச் சிரித்துக்கொண்டார்கள். கழிவுநீரை இறைக்கும் நிலையம் யார் வீட்டுக்குப் பக்கத்தில் வரும் என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். அதற்கெல்லாம் பதில் ஆயத்தமாக வைத்திருந்தேன். காக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, எங்கள் ஒழுங்கையை விரலால் தடவிக்கொண்டே வந்தார். என் வீட்டில் விரல் நின்றது. பிறகு தன் வளவுக்குப் போய் அங்கேயே கிடந்தது. கூட்டம் கலையும் வரை காத்திருந்து, பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, உங்கட பேத்திக்குப் புள்ளி இரிக்கி. என்ட இளைய மகளுக்கு எங்க?”

தவறிப்போயிற்று, இப்போதே வைக்கிறேன் என்றேன். வாய் கூசாமல் சொன்ன பொய்.

“அவ தன்ட கையால எழுதித் தந்தவ,” என்றார். “ஊரு அவள விட்டுட்டு எண்டு எனக்குத் தெரியும். இந்தப் படத்திலயுமா?”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சிவப்புப் பேனையை எடுத்து, அந்த வெறுங்காணியின் நடுவில் வைத்தேன். காக்கா குனிந்து பார்த்தார்.

“கொஞ்சம் பெருசா வைங்க தம்பி. நாளைக்கு அவ இஞ்சதான் படிப்பிக்க வருவா.”

பெரிதாக வைத்தேன். கொழும்புக்கு அனுப்புமுன் கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். ஒரு வீடு கூடியதால் குழாய் ஒரு நூல்கூடப் பெருக்கவில்லை. பெருக்காது என்பது அவளை விட்டபோதும் எனக்குத் தெரியும்.