தண்ணீர் பார்க்காத புடவை

என் மனைவி யோகேஸ்வரிக்குப் பழைய துணி கிடைத்தால் போதும், சோறு வேண்டாம். செங்கல்பட்டில் எங்கள் வீட்டின் பின்னறை முழுக்க மூட்டைகள்தான். சொந்தத்திலோ தெருவிலோ யார் புடவை கிழிந்தாலும் இங்கே வந்து சேரும். அவள் அதை வெட்டி, ஒட்டி, உள்ளே பழைய வேட்டியை வைத்து, கையால் ஓட்டுத் தையல் போட்டுப் போர்வையாக்கிவிடுவாள். எங்கள் தெருவில் அவள் போர்வையில் படுக்காத பிள்ளையே இல்லை. தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் எந்திரத்தோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் நான். அந்த அறையில் எனக்குக் கால் நீட்ட இடம் கிடைத்ததில்லை.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. புதுத்துணியைத் தொடமாட்டாள். பிறந்த பிள்ளைக்குப் பழந்துணிதான் ஆகும் என்பது எங்கள் வழக்கம். அதற்கு மேல் தொழில் காரணமும் உண்டு. "நூறு தண்ணி பாத்த துணி சுருங்காது, சாயம் போவாது. ஒரே ஒரு புதுசு உள்ள பூந்தா எல்லாத்தையும் நாஸ்தி பண்ணிடும்" என்பாள். அந்தச் சட்டத்தை அவள் ஒரே ஒரு முறை மீறினாள். மீறவைத்தவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் சிநேகாவுக்கு வளைகாப்பு. நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள், வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கேயே தங்குவதாக ஏற்பாடு. அதனால் பின்னறையை ஒழிக்க வேண்டும். தாயும் பிள்ளையும் படுக்கிற அளவில் பாதி தைத்து வைத்திருந்த போர்வையையும் அதற்குள் முடிக்க வேண்டும். அதற்கு முந்தின திங்கட்கிழமை காலையில் யோகேஸ்வரி ஊசி நூலோடு உட்கார்ந்தாள். நான் மூட்டைகளை முற்றத்துக்கு இழுத்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை "பழைய துணிக்குப் பாத்திரம்!" என்று கூவிக்கொண்டு போனவரை நானே கைதட்டிக் கூப்பிட்டேன். எட்டு மூட்டை போயிற்று, ஒரு எவர்சில்வர் அன்னக்கூடை வந்தது. அவள் ஒவ்வொரு மூட்டையாகத் தடவிப் பார்த்து, "இது பரிமளாவுது, இது விஜயகுமாரி டீச்சர்து" என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னா, ரயிலேத்தி அனுப்பறியா?" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

புதன்கிழமை கடைசி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில் அது இருந்தது. அரக்குச் சிவப்புப் பருத்திப் புடவை, கடை மடிப்பு கலையாமல்.

பதிமூன்று வருடத்துக்கு முன், சிநேகா பெரியவளானபோது, மஞ்சள் நீராட்டுக்கு அவள் தாய்மாமன் எடுத்த புடவை. தணிகைவேல் என் மனைவியின் ஒரே தம்பி, புதுப்பட்டினம் பக்கத்துக் குப்பத்தில் மீன்பிடிக்கிறவன். அது கடலுக்குப் போகக்கூடாத தடைக்காலம். கை காய்ந்து கிடந்த அந்த நேரத்திலும் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்து, விடியற்காலைத் தண்ணீருக்கு வேண்டுமே என்று முதல்நாளே கொடுத்தனுப்பியிருந்தான். தண்ணீர் ஊற்றியதும் பெண் முதலில் கட்ட வேண்டியது மாமன் புடவையைத்தான்.

நானும் அதே குப்பத்தில் பிறந்தவன்தான். ஆனால் அன்றைக்குத் தொழிற்சாலையிலிருந்து பெரிய பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது. எனக்குக் கௌரவம் தலைக்கேறிவிட்டது. "இன்னாது இது, கருவாடு விக்கப் போறப்ப கட்ற பொடவ மாதிரி? உள்ள வை" என்று சொல்லி, நான் காஞ்சிபுரத்தில் எடுத்த பட்டைக் கட்டவைத்தேன். ஒன்பது மணிக்குக் குடும்பத்தோடு வந்த தணிகைவேல் பட்டுப் புடவையைப் பார்த்துவிட்டு அக்காள் முகத்தைப் பார்த்தான். நான் முந்திக்கொண்டேன். "விடியக்காலம் உன் பொடவயதான் மச்சான் மொதல்ல கட்டனோம். அப்பால மாத்தனதுதான் இது."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. யோகேஸ்வரி தலையை மட்டும் ஆட்டினாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு பதிமூன்று வருடம் ஓடியது. வரும்போதெல்லாம் அவன் "அக்கா, அந்தப் பொடவ இன்னும் கீதா?" என்று கேட்பான். அவளும் "நான்தான்டா கட்டிக்கினு கீறேன்" என்பாள், பிற்பாடு "கட்டிக் கட்டிக் கிழிஞ்சே போச்சுடா" என்றாள். அவன் போனதும் என்னிடம் இரண்டு நாள் பேசமாட்டாள். அவளுக்குப் பொய் வராது. என் பொய்யை அவள் சுமந்துகொண்டிருந்தாள்.

"அதையும் பாத்திரக்காரருக்குப் போட்டிருக்கலாம். பீடை ஒழிஞ்சிருக்கும்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "தாய்மாமன் பொடவ அவ ஒடம்புல படல. அவ கொழந்த ஒடம்புலயாவது படட்டும்." கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள்.

நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும் என்று அவளுக்கா தெரியாது? பதிமூன்று வருடம் பெட்டியில் கிடந்ததைப் பழசு என்று மனசு எடுத்துக்கொண்டதோ, கொடியில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்கவில்லையோ, தெரியாது. நான் கேட்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் வெள்ளையும் இளமஞ்சளுமாக இருந்த போர்வைக்குச் சுற்றிலும் சிவப்புக் கரை வந்துவிட்டது. நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை சிநேகாவுக்குக் கடல் பார்க்க ஆசை. மாப்பிள்ளை ரஞ்சித்குமார் காரில் எல்லோரையும் மாமல்லபுரம் அழைத்துப் போனார். தகவல் தெரிந்து தணிகைவேலும் அக்காள் மகளுக்கு நெத்திலி வறுத்து டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். மாமாவுக்குக் காட்ட வேண்டும் என்று சிநேகா போர்வையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். மணலில் விரித்து அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

"மாமா, இந்தச் செவப்பு எது தெரியுதா? என் பங்ஷனுக்கு நீங்க எடுத்த பொடவ. அம்மாதான் சொன்னாங்க."

அவளுக்கு மற்ற கதை தெரியாது. தணிகைவேல் குனிந்து கரையைத் தடவினான். "கிழிஞ்சிச்சின்னியே அக்கா, அதக்கூட வச்சிருந்தியா?" என்றான். அவன் கண் கலங்கிவிட்டது. அக்காள் டப்பாவைத் திறந்தாள்.

அப்போது ஒரு பெரிய அலை கால்வரை ஏறி வந்தது. சிநேகாவை மாப்பிள்ளை தூக்கிவிட்டார். போர்வை நனைந்துவிட்டது. தணிகைவேல் அதைச் சுருட்டி, வலை பிழிகிற பழக்கத்தில் இரண்டு கையாலும் முறுக்கினான். சிவப்பாகத் தண்ணீர் கொட்டியது. வெள்ளைத் துண்டுகளில் சிவப்பு ஓடிப் பரவியது. அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

"அக்கா, இது தண்ணியே பாக்கலையா?"

கைகளை அக்காள் பக்கம் நீட்டிக் காட்டினான்.

"பதிமூணு வருசம் கட்டுன பொடவ இன்னிக்கித்தான் சாயம் போவுதா?"

யோகேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. என்னைக் கை காட்டினால் முடிந்தது விஷயம். "நான்தான்டா எடுத்து உள்ள வச்சிட்டேன். எனக்குத்தான் அப்ப புடிக்கல" என்றாள்.

நான் செருப்பைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும், 'நான்தான் மச்சான்' என்று. வாய் திறக்கவில்லை. அறுபது வயதில் மாப்பிள்ளை முன்னால் அவமானப்பட வேண்டாம் என்று நினைத்தேன். அதே கௌரவம்தான்.

"சரிக்கா. நாளைக்கி வரேன்" என்று அவன் போய்விட்டான். நெத்திலியை யாரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்தான். பழத்தட்டு, பூ, வளையல், மாமன் சீர் ஒன்றும் குறையில்லை. கடைசியாக ஒரு கடைப் பையை என் கையில் கொடுத்தான். உள்ளே நல்ல பட்டுப் புடவை. பையோரத்தில் ஒரு சீட்டு தெரிந்தது.

"பில்லு உள்ள கீது மாமா. புடிக்கலன்னா ஏழு நாள்ல மாத்திக்கலாமாம்" என்றான். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே சொன்னான். அதுதான் என்னைக் கொன்றது.

யோகேஸ்வரி பையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுத்த ஐந்து நிமிடத்தில் சிநேகா அந்தப் புடவையில் வந்து மணையில் உட்கார்ந்தாள். தணிகைவேல் அக்காள் மகளுக்கு வளையல் போட்டுவிட்டான், சந்தனம் பூசினான். புடவையை மட்டும் பார்க்கவில்லை. பந்தியில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "மச்சான்..." என்று இழுத்தேன். "புளிசாதம் நல்லா கீது மாமா" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிட்டான்.

போர்வையை யோகேஸ்வரி உப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசினாள். வெள்ளை திரும்பவில்லை. தூக்கிப் போடவும் இல்லை, பின்னறையில் மடித்து வைத்திருக்கிறாள். என்னிடம் கோபமாக இருந்தாலாவது தேவலை. தட்டில் சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், அவ்வளவுதான்.

அன்று பையிலிருந்து அந்தப் பில்லை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அதை அவன் எதிரில் கிழித்துப் போட்டு, நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் சட்டை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையம் வரை போகிறேன். புதுப்பட்டினத்துக்கு வண்டி வருகிறது, போகிறது. நேற்றோடு ஏழு நாள் முடிந்துவிட்டது. பில் சட்டைப் பையிலேயே இருக்கிறது.