கண்டற்கரைக் காவல்

சுனாமிக்கு அடுத்த மாதம். முகாமில் அரிசி இருந்தது, எரிக்க விறகு இல்லை. றோஸ்மேரி கத்தியோடு வாவிக்கரைக்குப் போய், கடல் விட்டுவைத்த நாலைந்து கண்டல் மரங்களில் ஒன்றை வெட்டத் தொடங்கினாள். பின்னால் காக்கிச்சட்டை வந்து நின்றது. வன இலாகாக் காவலாள் சாமித்தம்பி.

"தங்கச்சி, கத்தியைத் தாங்க."

கொடுத்தாள். வழக்கு, தண்டம் வேண்டாமென்று கெஞ்ச வாயெடுத்தாள். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். பொழுதுபடக் கூடார வாசலில் காய்ந்த தென்னமட்டை ஒரு கட்டுக் கிடந்தது. அடியில் அவளுடைய கத்தி. கொண்டுவந்தவர் ஆரென்று கத்தியே சொன்னது. ஆனாலும், ஆண்டவர் அனுப்பிய விறகு என்று சிலுவை போட்டுக்கொண்டாள். சாமித்தம்பியின் சொந்த வீட்டு வளவில் விழுந்த தென்னைகளின் மட்டை அது என்று அவர் மனைவி அன்னப்பூரணி சொல்லிக் கேட்டது வெகுகாலத்துக்குப் பிறகுதான். ஆண்டவரும் ஆள் வைத்துத்தானே அனுப்புகிறார்.

றோஸ்மேரியின் பிழைப்பு வாவியில் நண்டுக்கூடு வைப்பது. கண்டல் வேருக்குள்தான் நண்டும் இறாலும் குஞ்சாக வளரும். அந்தக் கரை மறுபடி தழைக்காவிட்டால் அவள் வீட்டு உலை கொதிக்காது. அதனால், அரசாங்கம் கண்டல் நடப்போகிறது என்று கேட்டதும் முதல் ஆளாகச் சேற்றில் இறங்கினாள். வாவி வற்றிக் கிடந்த நேரம். இளஞ்சேற்றில் கன்றுகள் இலேசாக இறங்கின. கடலை மட்டும் பார்த்துப் பயந்திருந்த ஊர், அந்த வருஷம் மழையை மறந்துபோயிற்று. மாரி பிடித்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிடுமுன்னே தண்ணீர் ஏறி, கன்றெல்லாம் மூழ்கி அழுகின.

"அரசாங்கத்துக் கண்டல்தானே அண்ணன், மழையைக் கண்டதும் லீவு போட்டிட்டு" என்றாள் பக்கத்துக் கூடாரத்துப் பிரஷாந்தி.

சாமித்தம்பி சிரிக்கவில்லை. "பிழை எங்கடதான் புள்ள. முகத்துவாரம் வெட்டித் தண்ணி வடிஞ்ச பிறகு நட்டிருக்கணும். சம்பளம் எடுக்கிற நான் அதை யோசிக்கயில்ல."

முகத்துவாரம் வெட்டி வாவி வடிந்ததும், சாக்கில் கன்றுகளோடு தனியே வந்து நின்றார். கரையிலிருந்து பார்த்த றோஸ்மேரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பிறகு பிரஷாந்தி. பிறகு மற்றவர்கள்.

கன்றுகள் வேர்பிடித்த பிறகு மறுபடி யுத்தம் மூண்டது. சனம் ஓடியது. திரும்பி வந்தபோது கன்றுகள் முழங்காலளவு நின்றன. மாடு மேயாமல் சுற்றிவர முள் கட்டியிருந்தது. ஆர் கட்டியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் காசுக்காரர் ஒருவர் இறால் பண்ணை போட மண்வெட்டும் இயந்திரத்தோடு வந்தார். மேலிடத்தில் பேசியாயிற்றாம்.

"பேசினவரை இஞ்ச வரச் சொல்லுங்க" என்று சாமித்தம்பி இயந்திரத்துக்கு முன்னால் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார். "அதுவரைக்கும் இது அரசாங்கக் காணி."

"அரசாங்கம் எங்க?" என்றார் காசுக்காரர்.

"முன்னால நிக்குது. கொஞ்சம் மெலிஞ்சு போயிருக்கு."

இயந்திரக்காரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. றோஸ்மேரியும் பெண்களும் வந்து கண்டலோரம் குந்தினார்கள். இயந்திரம் அன்றைக்குத் திரும்பிப் போனது. மறுநாளிலிருந்து சாமித்தம்பி மாவட்ட அலுவலகமான கச்சேரியின் படி ஏறத் தொடங்கினார். பெரிய உத்தியோகத்தர்கள் வந்து பார்க்கும்வரை ஏறினார். கடைசியில் அளந்து எல்லைக்கல் நட்டார்கள். அதற்குள் றோஸ்மேரியின் கூடுகளில் கை தாங்காத நண்டு விழத் தொடங்கியிருந்தது.

பென்சன் எடுத்து உன்னிச்சையில் மகள் வீட்டோடு போய் இருக்கப் புறப்பட்ட அன்று, சாமித்தம்பி கடைசியாகக் கரைக்கு வந்தார். றோஸ்மேரி நண்டுப் பையைச் சைக்கிளில் கொழுவினாள்.

"என்னகா, லஞ்சமா?"

"பென்சன்காரனுக்கு ஆர் அண்ணன் லஞ்சம் குடுப்பா?" என்றவளுக்குக் கண் கலங்கியது. "நீங்க போனா இதை ஆர் பாக்கிற?"

அவர் எல்லைக்கல்லைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

"நான்தான் போறன் தங்கச்சி, அரசாங்கம் போகயில்ல. கல்லு அசைஞ்சா கச்சேரிக் கந்தோருக்குப் போய்ச் சொல்லுங்க. ஒருக்காச் சொன்னா அதுக்குக் காது கேக்காது. கேக்குமட்டும் சொல்லுங்க."