தாவீதுக்கு வந்த மப்ளர்

பென்னலூரில் லூர்தம்மாளுக்குத் தெரியாமல் ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் இறக்கிவிட முடியாது. வண்டிச் சத்தம் கேட்டதுமே வாசலுக்கு வந்துவிடுவாள். யார் வீட்டுக்கு, ஒற்றைக் கதவா இரட்டைக் கதவா என்று நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடிப்பாள். வயிற்றெரிச்சலுக்கு அவள் கண்ட வைத்தியம் அதுதான். அவளைக் கெட்டவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்கும் வேலை, ஞாயிறு தவறாமல் பூசை, யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். கல்யாணத்துக்குப் போனால்தான் பிரச்சினை.

அவளுடைய எரிச்சலில் பெரும் பங்கு பக்கத்து வீட்டுப் பாஞ்சாலிக்குப் போய்க்கொண்டிருந்தது. பாஞ்சாலியின் புருஷன் பலராமன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஓ.டி. பார்த்த நாளெல்லாம் கையில் ஏதாவது தொங்காமல் வீடு திரும்ப மாட்டான். ஒரு நாள் பூ, ஒரு நாள் பரோட்டா, ஒரு நாள் காரணமே இல்லாமல் ஒரு நைட்டி. "அக்கா, இந்தக் கலரு எனக்கு நல்லா கீதா?" என்று பாஞ்சாலி வந்து கேட்கும்போது, நன்றாக இருப்பதுதான் லூர்தம்மாளுக்குப் பொறுக்காது.

லூர்தம்மாளின் புருஷன் தாவீது எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கீப்பர். அங்கே ஒரு சட்டம் உண்டு: கிழிந்த கிளவுஸைக் கொண்டுவந்து போட்டால்தான் புது கிளவுஸ் கிடைக்கும். மனுஷன் அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சோப்பு வேண்டுமா, தேய்ந்த சில்லைக் காட்டு. பல்ப் வேண்டுமா, போன பல்பைக் கொடு. மகள் ஷாரோன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், பென்சில் வேண்டுமென்றால் கட்டைவிரல் அளவுக்குச் சீவிய துண்டைக் கொண்டுவந்து நீட்ட வேண்டும். கிறிஸ்துமஸ் வந்தால் ஊரே ஸ்டார் கட்டும், இவர் வீட்டு வாசல் இருட்டாகவே கிடக்கும். கேரல் பாடிக்கொண்டு பிள்ளைகள் தெருவில் நுழைந்தால், லைட்டை அணைத்துவிட்டு உள்ளே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார். "குடுத்தா சிரிப்பாங்க மே" என்பார். "எனக்குத் தெரியும்."

அந்த மனுஷன் முப்பது வருஷத்தில் கேட்காமல் அவளுக்கு வாங்கித் தந்தது ஒரே ஒரு பொருள். மார்கழிப் பனியில் முதல் ஷிஃப்டுக்குப் போய் அவள் இருமிக்கொண்டிருந்த ஒரு வாரம், ஒரு பழுப்பு மப்ளரைக் கொண்டுவந்து நீட்டினார். நீட்டிய கையோடு, "அந்தப் பழைய துண்டைக் குடு" என்று கழுத்துத் துண்டை வாங்கிக்கொண்டார். கேண்டீன் அடுப்பில் மப்ளரின் ஓரம் கருகியபோது, கையில் கிடைத்த பச்சை நூலால் அவளே இழுத்துத் தைத்துக்கொண்டாள். ஊரில் ஒருத்தருக்கும் எதுவும் தராதவர் தனக்கு மட்டும் தந்தார் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. ஆனால் கர்வத்தைப் பாஞ்சாலியிடம் காட்ட முடியவில்லை. ஒரே மப்ளரை எத்தனை நாள்தான் காட்டுவது?

அவர் ஏன் அப்படி ஆனார் என்பது உலகத்தில் லூர்தம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

எண்பத்தொன்பதாம் வருஷம். அவளுக்குப் பதினேழு, தாவீதுக்கு இருபது. இருவரும் கோயில் இளைஞர் குழுவில் இருந்தார்கள். டிசம்பர் பிறந்ததும் பெயர்ச்சீட்டு எடுப்பார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாகப் பரிசு கட்டி வைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்ததும், எல்லோர் முன்னாலும் பெட்டியைப் பிரிக்க வேண்டும். அப்போது கட்டியவர் எழுந்து நிற்க வேண்டும். லூர்தம்மாள் கைக்குத் தாவீது பெயர் வந்தது. அந்த மாதம் அவள் வீட்டில் அரிசிக்கே வழியில்லை. வெறும் அட்டைப் பெட்டிக்குள் பேப்பரைக் கசக்கித் திணித்து, மேலே வழவழக் காகிதம் ஒட்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். தாவீது பிரித்தான். பேப்பரை எடுத்தான், இன்னும் எடுத்தான், பெட்டி காலி. கோயில் வளாகமே சிரித்தது. "யாரு குடுத்தது, எழுந்திரிங்க" என்று சாமியார் மூன்று தடவை கேட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குத் தாவீது முகம் சுருங்கியதுதான், பிறகு விரியவேயில்லை. ஐந்து வருஷம் கழித்துப் பெரியவர்கள் பார்த்து அவனுக்கே அவளைக் கட்டிவைத்தார்கள். எந்த வாயால் சொல்லுவாள்?

போன டிசம்பர் இருபத்து நாலாம் தேதி காலை, ஒரகடம் போகிற ஷேர் ஆட்டோவில் ஒரு பெண் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. கார்முகில் என்று பெயர் போட்டிருந்தது.

"எந்தக் கம்பெனி கண்ணு?" என்று லூர்தம்மாள் கேட்டாள்.

"இப்ப இருக்கறது இல்லம்மா. இன்னும் அறுபது வருசம் கழிச்சு வர்ற கம்பெனி. போன நாளை ரிப்பேர் பண்றது எங்க வேலை. நான் காண்ட்ராக்ட்தான், இன்னும் பெர்மனென்ட் பண்ணல."

காண்ட்ராக்ட் என்றதும் லூர்தம்மாளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பொய் சொல்கிறவளாக இருந்தால் பெர்மனென்ட் என்றுதானே சொல்லியிருப்பாள்!

"கிறிஸ்மஸுக்கு ஆளுக்கு ஒரு நாள் மாத்தித் தர்றோம். இந்த வாட்டி உங்க வூட்டுக்காரர் பேரு வந்துகீது. அவர்கிட்டயே மொதல்ல போனேன். ஓசியான்னு கேட்டாரு. ஓசின்னேன். அப்ப ஏதோ வில்லங்கம்னு கதவச் சாத்திட்டாரு. நீங்க சொல்லுங்க, மனுசன் எந்த நாள்ல கசந்தாரு?"

முப்பத்தைந்து வருஷம் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. கார்முகில் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். "அந்த டப்பால ஏதாவது வெச்சிட்டா போதும். ஆனா நாங்க எதுவும் எடுத்துகினு போகக் கூடாது. உங்க பொருள் எதுனா குடுங்க. குடுத்தது திரும்ப வராதும்மா, அதையும் சொல்லிட்றேன். பழசு உங்களுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். புதுசை நீங்களே விசாரிச்சுத் தெரிஞ்சுக்கணும்."

பழசைக் கொடுத்தால்தான் புதுசு. அறுபது வருஷம் கழித்தும் அதே சட்டமா என்று லூர்தம்மாள் அலுத்துக்கொண்டாள். கையில் இருந்ததோ டிபன் டப்பா, கழுத்தில் இருந்ததோ மப்ளர். மப்ளரைத் தடவிப் பார்த்தாள். அப்போது பாஞ்சாலியின் நைட்டி நினைவுக்கு வந்து தொலைத்தது. மனுஷன் மாறிவிட்டால் ஒன்பது மப்ளர் வாங்கித் தர மாட்டாரா? அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள். வல்லம் தாண்டி ஆட்டோ ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியது. பக்கத்து இடம் காலியாக இருந்தது, கழுத்தில் பனி ஏறியது.

மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பினால், வாசலில் ஆளுயர ஸ்டார். உள்ளே தெருப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, தாவீது தட்டுத் தட்டாகக் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பல் தெரியச் சிரித்தார். அவருக்கு முன்பல்லில் ஒரு சின்ன இடைவெளி உண்டு என்பதே லூர்தம்மாளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சுவரில் இருந்த ஷாரோன் கல்யாணப் படத்தில் பந்தல் மட்டும் இரண்டு மடங்காகியிருந்தது. பாஞ்சாலி வந்து, "உனக்கின்னாக்கா, மகராசனைக் கட்டிகினு வந்துட்டே" என்று பெருமூச்சு விட்டாள். பாஞ்சாலி பொறாமைப்படுவதைப் பார்க்க லூர்தம்மாளுக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

அந்தப் பாயசம் ராச்சாப்பாடு வரைக்கும்தான் இனித்தது. விசாரிக்க விசாரிக்கத்தான் தெரிந்தது, வீட்டில் ஒரு பொருளும் தங்குவதில்லை. பாஞ்சாலி வீட்டு மிக்ஸி இவர் கொடுத்தது. ஸ்டோர்ஸில் பழசை வாங்காமலே கிளவுஸை அள்ளிக் கொடுத்து இரண்டு தடவை மெமோ வாங்கியிருக்கிறார். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற வேலை!

"எனக்கு இன்னா வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

"உனக்கு இன்னாத்துக்கு மே? எல்லாமே உன்னுதுதானே" என்றார் தாவீது. பிறகு நினைவு வந்தவராக, "போன வருசம் உனக்குன்னு ஒரு மப்ளர் வாங்கினேன். வாட்ச்மேன் கண்ணப்பன் குளுர்ல நடுங்கிகினு இருந்தாரு. குடுத்துட்டேன்" என்றார்.

கொடியில் அவளுடைய அதே பழைய கழுத்துத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கஞ்சனிடம் அவளுக்கென்று ஒரு மப்ளர் இருந்தது. வள்ளலிடம் அவளும் ஊரில் ஒருத்தி. வாட்ச்மேன் மேல் பொறாமைப்பட வேண்டிய நிலைமை தனக்கு வந்ததே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அதற்குமேலும் ஒன்று இருந்தது. பீரோவில் துணிகளுக்கு அடியில், பிளாஸ்டிக் கவர் போட்டு, அவர் யாருக்கும் தராமல் வைத்திருந்த ஒரே பொருள். பழுப்பு மப்ளர். ஓரத்தில் பச்சை நூல்.

"அந்த வருசம் எல்லாருக்கும் புதுசு புதுசா வந்துது. எனக்கு மட்டும் பழசு" என்று தாவீது அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டார். "ஓரம் கருகி, தெச்சு, கழுத்து வாசனையோட வந்துது. வாங்கிக் குடுக்க வக்கில்லாத எவளோ, தான் போட்டுகினு இருந்ததையே கழட்டிக் குடுத்துகீறா. அவளே குடுக்கும்போது எனக்கு இன்னா கேடுன்னு தோணிச்சு. யாருன்னு மட்டும் தெரியல. ஒருத்தரும் எழுந்திரிக்கல. பின்னால எவனோ ஜோதிதான்னான், ஜோதியும் சிரிச்சுது. அதுவாத்தான் இருக்கும்."

ஜோதி! பாடற்குழுவில் முன்வரிசையில் நின்று பாடுவாளே, இரட்டைச் சடைக்காரி, அவள். இப்போது குன்றத்தூரில் இருக்கிறாள். இந்த முப்பத்தைந்து வருஷமும் கிறிஸ்துமஸ் தவறாமல் அவள் வீட்டுக்கு இங்கிருந்து கேக் போயிருக்கிறது. நாளைக்கு அவளே சாப்பிட வருகிறாளாம். தன் கழுத்திலிருந்து தானே கழற்றிக் கொடுத்த மப்ளர், தன் புருஷன் பீரோவில், இன்னொருத்தி பெயரில்! எத்தனை சொம்பு தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. பெட்டி காலியாகத்தான் இருந்தது என்ற பழைய ரகசியம் ஒரு பக்கம் வாயை அடைத்தது. அதைச் சொல்லாமல் மப்ளர் தன்னுடையது என்று எப்படிச் சொல்வது? சொன்னால், இத்தனை வருஷம் அவர் கும்பிட்டுவந்த 'எவளோ' ஒருத்தியைக் கொன்றுபோட்டதாக ஆகிவிடாதா? அப்புறம் அந்த முகம் மறுபடி சுருங்கிவிட்டால்?

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் ஜோதி பட்டுப் புடவையில் வந்தாள். "தாவீதண்ணா" என்றுதான் கூப்பிட்டாள். அதுகூட லூர்தம்மாளுக்குத் தாங்கவில்லை. பிரியாணி பரிமாறும்போது வெறும் எலும்பாகப் பொறுக்கி ஜோதி இலையில் வைத்தாள். "இன்னும் கொஞ்சம் வெய்யி மே" என்று தாவீது சொன்னபோது, கரண்டியை எங்கே போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் தாவீது மப்ளரை எடுத்து வந்தார். வருஷா வருஷம் நடக்கிற விளையாட்டாம் இது. இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்து, சாமியார் குரலில், "யாரு குடுத்தது, எழுந்திரிங்க" என்றார்.

ஜோதி சிரித்துக்கொண்டே தரையில் கையூன்றி எழப் போனாள்.

"உக்காருடீ!" என்று லூர்தம்மாள் துள்ளி எழுந்தாள். கால் பட்டுத் தயிர்ப்பச்சடிக் கிண்ணம் கவிழ்ந்தது. "நான் குடுத்தது! என் மப்ளரு அது! அந்தப் பச்சை நூல் நான் தெச்சது, உள்பக்கம் மூணு முடிச்சு இருக்கும், பாருங்க!"

ஜோதி பாதி எழுந்தபடியே திகைத்து நின்றாள். "நான் கை கழுவத்தான் எழுந்தேன் லூர்து" என்றாள்.

தாவீது மப்ளரைத் திருப்பிப் பார்த்தார். மூன்று முடிச்சு இருந்தது. "அப்ப ஏன்டி அன்னிக்கு எழுந்திரிக்கல?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. "நான் வெச்சது காலி டப்பாங்க. வூட்ல ஒண்ணுமில்ல, பேப்பரைத் திணிச்சு வெச்சேன். மப்ளரு அப்புறமா வெச்சது. எப்படின்னு கேக்காதீங்க, சொன்னா நம்ப மாட்டீங்க." கவிழ்ந்த கிண்ணத்தை எடுத்து நிமிர்த்தினாள். "பயந்துகினு உக்காந்தே இருந்துட்டேன்."

அவர் அந்த மூன்று முடிச்சையும் விரலால் தடவினார். முகம் சுருங்குகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"காலி டப்பாவாவே வந்திருந்தா நான் இன்னா ஆயிருப்பேன் மே?"

"கஞ்சனாயிருப்பீங்க. ஊர்ல ஒருத்தனுக்கும் ஒண்ணும் தந்திருக்க மாட்டீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் ஒரு மப்ளர் வாங்கித் தந்திருப்பீங்க."

தாவீது அவளைப் பார்த்தார். கவரை உருவிப் போட்டுவிட்டு, மப்ளரை அவள் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே செருகினார். "முப்பத்தஞ்சு வருசமா பக்கத்துலயே உக்காந்துகினு இருந்துகீறே" என்றார்.

கை கழுவிவிட்டு வந்த ஜோதியும், சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த பாஞ்சாலியும் வாசல் பக்கம் நின்றார்கள். பாஞ்சாலிதான் கேட்டாள்: "இந்த வெய்யில்ல ஏன்க்கா மப்ளரு? வேர்க்கல?"

"வேர்க்குது" என்றாள் லூர்தம்மாள். சாயங்காலம் வரைக்கும் அதைக் கழற்றவில்லை.