எலுமிச்சம்பழமும் கால் மைலும்

“கார்க் கண்ணாடியக் கழட்டுனது வெயிட்டுக்காகத்தாம்ப்பா. பின்னால வர்றவனப் பாக்கவா ரேஸுக்குப் போறோம்?”

கம்பம் டீக்கடையில் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. டீ ஆற்றிய சுருளியாண்டி, சீனி போடவா என்கிற மாதிரி பார்த்தார், அவ்வளவுதான். “வேணாம். சீனியும் வெயிட்டுதான்” என்று கிளாஸை வாங்கிக்கொண்டார் தங்கப்பாண்டி.

கார் மெக்கானிக். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. ஊரார் காரை ஓடவைப்பது பிழைப்பு. தன்னுடைய பழைய மாருதி எண்ணூறைப் பறக்கவைப்பது பித்து. பின் சீட்டு, ஹாரன், கூரையின் உள்விரிப்பு எல்லாம் கழற்றியாகிவிட்டது. ஸ்டெப்னி இருந்த இடத்தில் காற்றுதான் இருக்கிறது. மனைவி ஜோதிலட்சுமி ஒருநாள் இடது பக்கம் ஏறி உட்காரப் போய், சீட்டே இல்லாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். “எல்லாத்தையும் கழட்டிட்டீக. உங்க தொப்பைய எப்பக் கழட்டப் போறீக?” அன்றிலிருந்து ராத்திரிப் புரோட்டா இரண்டாகக் குறைந்தது. சால்னா குறையவில்லை. அது தண்ணிக் கணக்காம்.

ஆண்டிபட்டிப் பக்கம் மூடிப்போன மில்லுக்குள் ஒரு ரோடு நேராகக் கிடக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு மெக்கானிக்குகள் அங்கே கூடிக் கால் மைல் ஓட்டிப் பார்ப்பார்கள். நேரம் எடுக்கும் மெஷின் இரண்டு கணக்குச் சொல்லும்: எத்தனை செகண்டில் வந்தது, கடைசிக் கோட்டைத் தாண்டும்போது என்ன வேகம். அந்தக் கடைசி வேகத்துக்கு ட்ராப் ஸ்பீடு என்று பேர். ஜோதிலட்சுமிக்கு ட்ராப் என்றால் எலிப்பொறி. “பொறியில இன்னைக்கு எம்புட்டு விழுந்துச்சு?” என்றுதான் கேட்பார்.

மகள் வழிப் பேத்தி பிறந்த பிறகு விளையாட்டு வினையாகிவிட்டது. முதல் பிள்ளைக்குப் பெயர் யோசித்துக் காதில் சொல்வது அப்பன் வழித் தாத்தா. அதாவது பெரியகுளத்துச் சம்பந்தி, மாங்காய் வியாபாரி மலைச்சாமி. தங்கப்பாண்டிக்கோ, அந்தக் குட்டிக் காதில் தன் குரல்தான் முதலில் விழவேண்டும் என்று தவிப்பு. கேட்டே விட்டார். மலைச்சாமி குலுங்கிச் சிரித்தார். “உங்க தகர டப்பா பதினெட்டு செகண்டுக்குள்ள வரட்டும் சம்பந்தி. நீங்களே சொல்லுங்க.”

வரவில்லை. கார்புரேட்டரைப் பிரித்தார், கிளட்சை மாற்றினார், டயரில் காற்றைக் கூட்டினார், குறைத்தார். கடைசி வேகம் தடவைக்குத் தடவை ஏறியது. நேரம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. “இஞ்சின்ல குத்தமில்ல. கெளம்புற எடத்துலதான் என்னமோ திங்குது” என்று தூக்கத்திலும் புலம்பினார்.

போன ஞாயிறு வேடிக்கை பார்க்க வந்த மலைச்சாமிதான் கண்டுபிடித்தார். ஜோதிலட்சுமி எப்போதும்போல் முன் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். கார் சீறியது. பழம் நசுங்கியது. சக்கரம் சாற்றில் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றியது.

“ரேஸுக்கு வந்தீகளா, ஜூஸ் போட வந்தீகளா?”

தங்கப்பாண்டி இறங்கி வந்து, ரோட்டை மோந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் பழம் வைக்காமல் வண்டியை எடுக்க ஜோதிலட்சுமி விடவில்லை. “எடுங்க பாப்போம். குறுக்க படுத்துருவேன்!”

எண்ணூறை இழுப்பது முன் சக்கரம். பின் சக்கரம் சும்மா கூடவே உருளும். ரோட்டைக் கழுவித் துடைத்துவிட்டு அவர் சொன்னார்: “அடியே ஜோதி, பழத்தப் பின்னால வையி. சாமிக்கு முன்னென்ன, பின்னென்ன?”

பதினேழு செகண்டுச் சில்லறை. மலைச்சாமி சொன்ன சொல் தவறவில்லை.

இன்று காலை பெயர்சூட்டு விழா. எத்தனை தடவை கழுவியும் போகாத கிரீஸ் விரல்களை வேட்டியில் இன்னொரு முறை துடைத்துக்கொண்டு பேத்தியை வாங்கினார் தங்கப்பாண்டி. காதருகே குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, பக்கத்தில் நின்ற மலைச்சாமியின் சட்டை நுனியை இழுத்தார்.

“சம்பந்தி... நீங்க என்ன பேரு யோசிச்சு வச்சிருந்தீக?”