தோளுக்கு மேல் மணல்

எங்கள் நைனா குள்ளம். ஊரிலேயே அவரைவிடக் குட்டையான ஆம்பளை கிடையாது. தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தால் பாவு நூலுக்கு மேலே தலைமயிர்தான் தெரியுது என்று அம்மாவே கிண்டல் செய்வாள். வருஷம் முழுக்க இந்தக் கேலியைச் சுமந்தவருக்கு மாசி மாதத்தில் ஒரே ஒரு நாள் கழுத்தில் மாலை விழும். அன்றைக்கு அவர் அளவாள்.

காஞ்சிபுரத்துக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அவர்களுக்குக் குழாயைத் திருகினால் பாலாறு. எங்களுக்கு அப்படி இல்லை. கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரா வழியாக வருகிற ஆறு, அவரவர் பிடித்தது போக மிச்சம்தான் எங்களிடம் வந்து சேரும், அதுவும் மணலுக்கு அடியில். கோடையில் இக்கரையில் நாங்களும் அக்கரையில் எதிர் ஊர்க்காரர்களும் ஆற்று மணலில் ஆளுக்கொரு ஊற்றுக்கால் வெட்டுவோம். வாய்க்கால்தான், மணலுக்குள் ஊறுகிற தண்ணீரை வயலுக்குக் கொண்டுவருகிற வாய்க்கால். கீழே இருப்பது ஒரே தண்ணீர். ஒரு ஊர் ஒரு முழம் கூடுதலாக வெட்டினால் இன்னொரு ஊர் காய்ந்துபோகும்.

அதனால்தான் அளவாள். அவர்கள் வெட்டுகிற இடத்தில் எங்கள் ஆள் இறங்கி நிற்பார், எங்கள் இடத்தில் அவர்கள் ஆள். பள்ளத்தின் விளிம்பு அவர் தோள் உயரத்துக்கு வந்ததும் வெட்டு நிற்க வேண்டும். இப்படி ஒரு சட்டம் இருந்தால் யார் நெட்டையனை அனுப்புவான்? இரண்டு ஊரும் தேடித் தேடிக் குள்ளனைத்தான் அனுப்பின.

தொண்ணூறுகளில் மழை அடுத்தடுத்து ஏமாற்றிய ஒரு கோடை. நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். அளவு நாளன்று லீவு போட்டுவிட்டு, ஆற்றில் நிற்கிற நைனாவுக்குக் கூழ் கொண்டுபோனேன். போய்ப் பார்த்தால் பள்ளத்தின் விளிம்பு அவர் காதுவரை ஏறியிருக்கிறது, அவர்கள் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"நிறுத்துப்பா, தோள் தாண்டிப் போயிடுச்சு," என்று நைனா கத்தினார்.

அக்கரை வேலைக்குத் தலைமை தாங்கியவர் வாட்டசாட்டமான ஆள். நைனாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். "இன்னும் ஒரு முழம் மாமா. அடியில ஈரமே இல்லாம இருக்குது. ஏறி வா நீ," என்றார்.

நைனா ஏறவில்லை. தான் உள்ளே இருக்கிறவரை வெட்ட முடியாது என்று நினைத்து அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேலே இருந்தவர்கள் மணலைத் தள்ளினார்கள். இடுப்பு மூடியது, மார்பு மூடியது. நான் போட்ட கூச்சலில் எங்கள் ஊர் ஆட்கள் கடப்பாரையோடு ஓடி வந்தார்கள். அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. என் பங்குக்குக் கூழ்ப்பானையை ஒருவன் முகத்தில் உடைத்தேன். மூக்கு உடைந்து அவன் உட்கார்ந்தது இன்றைக்கும் எனக்குத் திருப்திதான். எங்கள் ஆட்கள் நைனாவை மணலிலிருந்து இழுத்து வெளியே எடுக்கும்போது, மாமா என்று கூப்பிட்டவருடைய மண்வெட்டி நைனாவின் வலது பாதத்தில் இறங்கியது. பாதி பாதம் மணலிலேயே கிடந்தது. அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஒட்டவைப்பார்கள் என்று. ஒட்டவைக்க முடியாது என்றார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களும் ஒன்றும் சாதுக்கள் இல்லை. எங்கள் கடப்பாரையில் மண்டை பிளந்த ஆள் அதே வார்டில் படுத்திருந்தார். அவர் தண்ணீர் கேட்டதற்கு அம்மா சொம்பை எடுத்து அவர்மேல் வீசினாள்.

ஒரு பாதத்தை வைத்துக்கொண்டு தறி மிதிக்க முடியாது. கடை வேலையை விட்டுவிட்டு நைனாவின் தறிக்குழியில் நான் இறங்கினேன். ஒவ்வொரு மிதிக்கும், மாமா என்று கூப்பிட்டுக் காலை வெட்டிய அந்த ஆளைத் திட்டினேன். அம்மா தினமும் வாசல் தெளிக்கும்போது அக்கரையைப் பார்த்து, "மண்ணு மூடிப் போவ," என்று சாபம் விடுவாள். அதன் பிறகு ஆற்றில் அளவாளும் இல்லை, அளவும் இல்லை. இரண்டு ஊரும் போட்டி போட்டுக்கொண்டு ஆழமாக வெட்டின.

சில வருஷங்களில் எங்கள் இரண்டு ஊரையும் தூக்கிச் சாப்பிடுகிறவர்கள் வந்துவிட்டார்கள். மணல் லாரிகள். பொக்லைன் வைத்து மாடி வீடு ஆழத்துக்குத் தோண்டினார்கள். நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட ஊற்றுக்கால் இரண்டும் பள்ளத்தின் சுவரில் உயரத்தில் தொங்கின. சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஒரு நாள் காலையில் அந்த ஆள் எங்கள் வாசலில் வந்து நின்றார். அவரைப் பார்த்த வேகத்தில் அம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டாள்.

"மாமா, லாரிய மறிக்க ரெண்டு ஊரும் சேர்ந்து போறோம். நீ வந்து நில்லு. நீ நின்னாதான் அது நம்ம சட்டம்," என்றார்.

"எந்தக் கால்ல நிக்கச் சொல்றே?" என்று அம்மா கேட்டாள்.

நைனா சட்டையை மாட்டிக்கொண்டு கழியை எடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தறி நாடாவை வீசி எறிந்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

பள்ளத்தில் அந்த ஆள்தான் நைனாவை முதுகில் சுமந்து இறங்கினார். அடியில் நிறுத்தியதும் நைனா வழக்கம்போல, "நிறுத்துப்பா," என்றார். மேலே நின்ற லாரிக்காரன் ஒருவன், "யாருய்யா கீழே, பொடியனா?" என்று சிரித்தான். அப்புறம் இரும்புக் கம்பிகளோடு இறங்கினார்கள். எங்கள் ஊர், அவர்கள் ஊர் என்று பார்க்காமல் எல்லோரையும் அடித்தார்கள். என் முன்கை எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அந்த ஆள் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு பொக்லைனைப் பார்த்து ஓடினார். அதன் கை அவரை விரட்டத் திரும்பியபோது பள்ளத்துச் சுவரில் இடித்தது. சுவர் முழுசாகச் சரிந்தது. அவர் நின்ற இடத்தில் மணல் மட்டும் இருந்தது.

லாரிக்காரர்கள் ஓடிவிட்டார்கள். நைனா கழியைப் போட்டுவிட்டு, மண்டியிட்டு, இரண்டு கையாலும் வாரினார். எல்லோரும் வாரினோம். வாரவார மேலிருந்து சரிந்துகொண்டே இருந்தது. அவர் தலைகீழாகக் கிடந்திருக்கிறார். முதலில் நைனா கைக்குத்தான் அகப்பட்டார். முழு உடம்பும் வெளியே வருகிறவரை நைனா பிடித்த பிடியை விடவில்லை. உயிர் இல்லை.

அந்த ஆள்மேல் எனக்கு இருந்த கோபம் அதோடு போய்விட்டது என்று எழுதினால் பொய். போகவில்லை. கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோதும் அது இருந்தது. விஷயம் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அம்மா விளக்கு ஏற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"மூடிடுச்சா?" என்று கேட்டாள்.

நைனா படியில் உட்கார்ந்து, நகக்கண்ணில் இருந்த மணலை வெகுநேரம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் புடிச்சது அவன் காலைத்தான்," என்றார். "ரெண்டும் முழுசா இருந்துதும்மா."